கையை இழுக்கிற ஸ்டியரிங்

சின்னதே போதும், ஸ்பிரிங் வச்சதே போதும், மத்ததைத் தொடவே விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் படியேறினேன். படி முடியறதுக்குள்ள முடிவு ஆட்டங் கண்டுருச்சு. எனக்கு முன்னால எங்கூட்டுக்காரரு தாமோதரன் தாவித் தாவி ஏறிட்டுப் போறாரு, சட்டைய உள்ள விட்டு பெல்ட் போட்டுக்கிட்டு, பொண்ணு பார்க்கப் போறவராட்ட. வலிப்பு வந்ததுக்கப்பறம் இந்த முதுகு இப்படி நிமிர்ந்து நான் பார்க்கவே இல்ல. ஒரு ஸ்டியரிங் வாங்கறதுக்கு இத்தனை அலங்காரம். அதுவும் நெசக் காருக்கு இல்ல, டிவியில கார் ஓட்டற கேமுக்கு, மேசையில மாட்டிக்கற ஸ்டியரிங். இத்தனை நாளா கட்டை விரல்ல அமுக்கற ரிமோட்லதான் ஓட்டிட்டிருந்தாரு, எங்க மக மிதுலா பக்கத்துல உக்காந்து ‘அப்பா லெஃப்ட்டு, அப்பா ரைட்டு’ன்னு தொண்டை கிழியக் கத்துவா, நான் உள்ளறையில பிளவுஸ் தச்சுக்கிட்டே கேட்டுட்டிருப்பேன், நிம்மதியாத்தான் இருந்துச்சு. நெசக் காரைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, மனுஷன் டிவியிலயாவது ஓட்டிட்டுப் போகட்டுமேன்னு. அந்த நிம்மதிக்கு யாரு கண்ணு பட்டுச்சோ, போன மாசம் சோத்துல கைய வச்சுக்கிட்டே சொன்னாரு: ‘சுகந்தி, நல்ல ஸ்டியரிங் ஒண்ணு வாங்கறேன். நெசக் காராட்டவே இருக்கோணும். சித்திரை வரைக்கும் தினமும் அதுல ஓட்டிக் காட்டறேன். ஒரு நாளும் எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா கார் சாவியைக் குடுத்துரு. மிதுலாவ நானே ஸ்கூல்ல கொண்டு போய் விடறேன்.’ மிதுலாவ. பின்சீட்ல உக்கார வச்சு. நான் என்னத்தச் சொல்லுவேன், ‘மொதல்ல சோத்தத் தின்னுங்க’ன்னேன். அதையே நான் சரின்னு சொன்னதா அவரு எடுத்துக்கிட்டாரு. கையோட என்னையும் கூட்டியாந்துட்டாரு, ‘நீயே பார்த்து எடு, அப்பறம் இது பொம்மை, இதுல ஓட்டினது கணக்குல வராதுன்னு சொல்லக் கூடாது’ன்னு. அத்தனை வெவரம்.

காந்திபுரத்துல ஜவுளிக் கடைக்கு மேல் மாடி. கீழ பஸ் ஹாரன் அலறுது, வெயிலு கொளுத்துது, மேல கதவைத் தள்ளினா ஐஸ் பெட்டிக்குள்ள போனாப்புல இருக்கு. கடைக்காரம்மா பேரு பெனிட்டா, என் வயசுதான் இருக்கும், கழுத்துல கண்ணாடிய மாட்டித் தொங்க விட்டுட்டு ‘வாங்கண்ணா, வாங்கக்கா, ஃபோன்ல பேசினது நீங்கதானுங்களே’ங்கறாங்க. நெசக் கார் சீட்டையே பெயர்த்து இரும்புச் சட்டத்துல பூட்டி வச்சிருக்காங்க, முன்னால பெரிய டிவி, கீழ ஆக்சிலேட்டர் பிரேக்கெல்லாம் அப்படியே காராட்டவே. பக்கத்துல மேசையில மூணு ஸ்டியரிங். பெனிட்டா ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுச் சொல்றாங்க. மொதல் ஒண்ணு ஸ்பிரிங்காம், திருப்பி விட்டா தானா நடுவுக்கு வந்து நின்னுக்கும், அவ்வளவுதான். ரெண்டாவதுக்குள்ள மோட்டாரும் பல்சக்கரமும் இருக்குதாம், டிவியில ரோடு மேடு பள்ளமா இருந்தா கையில தெரியுமாம். ‘மூணாவது இருக்குது பாருங்கண்ணா, இது மோட்டார் தண்டுலயே நேரா மாட்டினது. வளைவுல இழுத்துச்சுன்னா நெசக் கார் இழுக்கறதே தோத்துப் போகும். கட்டை விரலை உள்ள விட்டுப் பிடிக்காதீங்க, முறுக்கிருச்சுன்னா ஒரு வாரத்துக்கு சோறு பிசைய முடியாது.’ எங்கூட்டுக்காரரு சிரிக்கறாரு. கண்ணு மூணாவது மேலயே இருக்கு. ‘இது எங்க வீட்டு கேம் பெட்டிக்குச் சேருமுங்களா?’ன்னு நான் குறுக்க விழுந்து கேட்டேன். இதுக்குன்னே நானும் வீடியோவெல்லாம் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன், தையல் மெஷின் மேல ஃபோனைச் சாய்ச்சு வச்சுக்கிட்டு. ஒரு கம்பெனிப் பெட்டிக்குச் சேர்றது இன்னொரு கம்பெனிப் பெட்டிக்குச் சேராது, வாங்கிட்டுப் போய் ஏமாந்தவங்க எத்தனையோ பேரு. சேராதுன்னு சொல்லிரு தாயீ, சேராதுன்னு மட்டும் சொல்லிரு. ‘நல்லாச் சேருமுங்கக்கா, அதுக்குன்னே வந்ததுதான்.’ பொக்குன்னு போச்சு எனக்கு.

சின்னதை வாங்கினா என்ன ஆகும், யோசிக்கிறேன். ரெண்டு நாள் ஓட்டுவாரு, ‘இது பொம்மை, இதுல என்னத்த ஓட்டறது, நெசத்துலயே ஓட்டிக் காட்டறேன்’னு சாவியை இப்பவே கேப்பாரு. பெருசை வாங்கினா நல்லா ஓட்டுவாரு. அதுதான் வம்பே. ஓட்டறதுல அவரைக் குறை சொல்லவே முடியாது. பம்பு செட்டு விக்கறேன்னு தாராபுரம், உடுமலை, பழனின்னு ஓட்டாத ரோடா, ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிச்சதில்ல. சித்திரை வரைக்கும் நல்லா ஓட்டிட்டு வந்து கைய நீட்டுவாரு. அப்ப நான் எதைச் சொல்லி இல்லைங்கறது? நடுவுல இருக்கறதை வாங்கலாம்னா, நடுவுல வாங்கி எந்தப் பிரச்சனை தீர்ந்திருக்கு. சாவி என் மெஷின் இழுப்பறையிலதான் கெடக்கு, பாபின் டப்பாவுக்கு அடியில. அது அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனா தானா எடுக்க மாட்டாரு, நான் குடுத்துத்தான் வாங்கோணும்னு ஒரு வீறாப்பு. அந்த வீறாப்புதான் இன்னைய வரைக்கும் எங்களக் காப்பாத்திட்டிருக்கு. காரை வித்துத் தொலைங்கன்னு நான் கேக்காத நாளில்ல. ‘நல்லா இருக்கற காரை எதுக்கு விக்கறது? நான் என்ன, செத்தா போயிட்டேன்?’ங்கறாரு. வாசல்ல கவர் போட்டு நிக்குது அது. வாசல் கூட்டறப்பெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமயே கூட்டறேன்.

அது நல்லா இருக்கறதுதான் எனக்கு எமனா வந்துருச்சு. ஒரு கீறல் விழுந்திருந்தாக்கூட நான் ஜெயிச்சிருப்பேன். வலிப்பு வந்த அன்னைக்கு, பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் காதுகுத்துக்குப் போய்ட்டுத் திரும்பி வர்றோம், மத்தியான நேரம், விருந்துச் சாப்பாடு, மிதுலா பின்னால கவுந்து படுத்துத் தூங்கிட்டா. நான் இவருக்கு இடது பக்கத்துல. ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, ரோட்டு மேல நிழல் பட்டை பட்டையா விழுந்து வந்து கண்ணைக் கூசுது. சாம்பார்ல உப்பு தூக்கலுன்னு சொல்லிட்டே வந்தவரு ‘சமையக்காரன் யாருன்னு’ங்கறதோட நிறுத்திட்டாரு. யோசிக்கறாருன்னு நெனச்சேன். அப்பத்தான் அந்தக் கையப் பார்த்தேன். கியரு மேல இருந்த இடது கை, ஆள்காட்டி விரல் கட்டை விரலைத் தேய்க்குது, விபூதி எடுக்கறாப்புல, மெதுவா, திரும்பத் திரும்ப. அப்பறம் அந்தக் கை நடுங்குது. கண்ணு ரோட்டப் பார்த்துட்டேதான் இருக்கு, ஆனா பார்க்கல. கார் வேகமெடுக்குது, மனுஷன் கட்டையா வெறைச்சுட்டாரு, ஆக்சிலேட்டர்ல காலு இறுகிக் கெடக்கு, எதிர்ல பால் வண்டியோ லாரியோ ஒண்ணு வருது. நான் எட்டி ஸ்டியரிங்கைப் புடிச்சேன். எனக்கு சைக்கிள்கூட ஒழுங்கா ஓட்டத் தெரியாது. புடிச்சு என் பக்கமா இழுத்தேன், அது வரல, அவரு கையும் சேர்ந்து இறுகியிருக்கு, அவரோட பலம் பூராவும் என்னைய எதிர்த்து இழுக்குது, என்னமோ கத்திக்கிட்டே உசுரக் குடுத்து இழுத்தேன். ரோட்டோரத்துல நார் மில்லு ஒண்ணு, அதோட களத்துல தேங்காய் நார்த் தூளை மலையாட்டக் குமிச்சிருந்தாங்க. அதுக்குள்ள போய்ச் சொருகிடுச்சு கார். சத்தமே இல்ல. தூளு கண்ணாடி பூரா மூடி உள்ள இருட்டாயிருச்சு. எஞ்சின் மட்டும் உறுமிட்டே கெடக்கு, மிதுலா எந்திரிக்கக்கூட இல்ல. அடுத்த அடியில களத்துக்குக் கருங்கல் சுவரு. அதை நான் அப்பறமா எறங்கித்தான் பார்த்தேன்.

மில்லுல வேலை செஞ்சிட்டிருந்த பொம்பளைங்க ஓடியாந்தாங்க. அவங்க பண்ணினதுல ஒரு தப்பும் இல்ல, நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். வலிப்புன்னா நம்மூர்ல என்ன பண்ணுவாங்க, ‘இரும்பக் குடுங்க, கையில இரும்பக் குடுங்க’ன்னு ஒரே கூச்சல். டாக்டர்கிட்டச் சொன்னப்ப அதெல்லாம் சும்மா, ஆளை ஒருக்களிச்சுப் படுக்க வச்சாப் போதும்னாரு. அங்க டாக்டரா இருக்காரு. ஒரு அம்மா கதவைத் திறந்து கையை விட்டு காரோட சாவியைத் திருகிப் பிடுங்கினாங்க, எஞ்சின் நின்னுச்சு, அந்தச் சாவியவே இவரு உள்ளங்கையில வச்சு விரலை மடக்கி இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. எஞ்சின் நின்னதுக்கு நான் கும்பிடோணும் அந்தம்மாவை. ஆனா உதறல் நின்னதும் எல்லாருமாச் சேர்ந்து, இவரை உள்ள வச்சே காரைப் பின்னால தள்ளி ரோட்டோரமா நிறுத்தி, தூளையும் தொடச்சு விட்டுட்டாங்க. சித்த நேரம் கழிச்சு இவரு கண்ணு முழிக்கறாரு. கார் ரோட்டோரமா நிக்குது, ஒரு நெளிசல் இல்ல, கீறல் இல்ல. எஞ்சின் ஆஃப். சாவி அவரு கையில. அதைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. ‘நல்ல வேளை, ஓரங்கட்டிட்டேன்’னாரு. நான் அப்பவே சொன்னேன், அன்னைக்கு ராத்திரி சொன்னேன், டாக்டர் முன்னால வச்சுச் சொன்னேன், இழுத்தது நானு, சாவி எடுத்தது அந்த மில்லுக்காரம்மா. ‘பயத்துல உனக்கு அப்படித் தோணியிருக்கு சுகந்தி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. தலை கிர்ருன்னுச்சு. இண்டிகேட்டர் போட்டேன். மெதுவா எறக்கினேன். சாவியை எடுத்தேன். அதுக்கப்பறம்தான் எதுவும் தெரியல.’ இண்டிகேட்டர் போட்டாராம்! எத்தனை சண்டை, எத்தனை ஓரியாட்டம் இதுக்கு. அவரு பொய் சொல்லல, அதுதான் கெரகமே. நெசமாவே அவருக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கு. வர்றது முன்னாடியே தெரிஞ்சுரும், தெரிஞ்சா நிறுத்திருவேன், அப்பறம் ஓட்டறதுக்கு என்னங்கறாரு. சொல்லிச் சொல்லி எனக்கே இப்பெல்லாம் அந்தப் படம் ஓடுது. இண்டிகேட்டர் டிக் டிக்னு அடிக்குது, கார் பதமா எறங்குது, இவரு சாவிய எடுத்துட்டுக் கண்ணை மூடறாரு, நான் சும்மா மடியில கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். எது நடந்தது, எது நான் நெனச்சதுன்னு சில நாளு எனக்கே தெரியறதில்ல. நான் இழுக்கவே இல்லையோ. நான்தான் கனவு கண்டனோ. கேக்கறதுக்கு ஆளில்ல, மக தூங்கிட்டா.

‘உக்காருங்கண்ணா, ஓட்டிப் பார்த்துட்டே எடுங்க.’ உக்காந்தாரு. சீட்டை முன்னால தள்ளினாரு, பின்னால தள்ளினாரு, கண்ணாடி இருக்கற எடத்துக்குக் கை போச்சு, அங்க கண்ணாடி இல்ல, அவரே வெக்கப்பட்டுச் சிரிச்சுக்கிட்டாரு. என்ன மனுஷன் இவரு, என்ன ஆசை இது. இதைப் போய்த் தடுக்கற பாவத்தைக் கட்டிக்கறனே. நான் இடது பக்கம் போய் நின்னேன், வேற எடமும் இருந்துச்சு, ஆனா அங்கதான் போய் நின்னேன். ஸ்பிரிங் வச்சதுல ரெண்டு வளைவு ஓட்டிட்டு உதட்டைப் பிதுக்கினாரு. ‘குடை ராட்டினத்துல கொழந்தைக்குக் குடுக்கறதுங்க இது.’ பெனிட்டா சிரிச்சுட்டே கழட்டி ரெண்டாவதை மாட்டினாங்க. அதுல கொஞ்ச நேரம் ஓட்டினாரு, கட கடன்னு உள்ளாற பல்லு உரசற சத்தம் வருது, என் பழைய மெஷினாட்ட. ‘பரவால்ல. ஆனா சொல்றது காதுல விழுது, கையில விழல’ன்னாரு. எப்படிப் பேசறாரு பாருங்க, கையில விழலையாம். இந்த லைட்டு மின்னறதெல்லாம் இவருக்கு ஆகுமோன்னு நான் டாக்டர்கிட்ட மொதல்லயே கேட்டுட்டேன், லைட்டை மின்ன விட்டு டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு இந்த வகைக்கு அது ஒண்ணும் பண்ணாது, ஆடட்டும்னுட்டாரு. காலையில மாத்திரை போட்டாச்சு, நான் பார்த்துத்தான் குடுத்தேன், முழுங்கினப்பறம் வாயத் திறக்கச் சொல்லலாமான்னுகூடத் தோணுச்சு, சொல்லல. டிபன் சாப்ட்டாச்சு. தூக்கம் சரியாத் தூங்கினாரு, நான் முழிச்சிருந்து பார்த்தேன். என் பொழப்பு இப்ப அவரோட இடது கை. பல்லு வெளக்கறப்போ, பேப்பர் படிக்கறப்போ, மிதுலாவுக்கு ஜடை போடறப்போ, நான் அவரு மூஞ்சியைப் பார்த்துப் பேசறதே கெடையாது, அந்தக் கையப் பார்த்துத்தான் பேசறேன். ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் ஒண்ணையொண்ணு தொட்டாப் போதும், அடுப்புல என்ன இருக்குன்னு எனக்கு மறந்துரும். பெரும்பாலும் சும்மா சொறிஞ்சிட்டிருப்பாரு.

மூணாவதை மாட்டியாச்சு. ‘எந்த ரோடு வேணும்ண்ணா? தார் ரோடா, மண் ரோடா?’ ‘மண் ரோடே போடுங்க, பார்த்துருவோம்.’ டிவியில ஒரு மலை, கரடுமுரடா ஒரு தடம், ஒரு பக்கம் பள்ளம். கெளம்பிட்டாரு. கெளம்பின உடனே தெரிஞ்சு போச்சு எனக்கு, இதுதான், இதைத்தான் வாங்கப் போறாரு. மூஞ்சியே மாறிப் போச்சு. தோளு எறங்கி, தாடை இறுகி, கல்யாணமான புதுசுல வால்பாறை கொண்டை ஊசி வளைவெல்லாம் ஒத்தைக் கையில திருப்பிக்கிட்டு என்னைய ஓரக் கண்ணுல பார்த்தாரே, அந்த ஆளு. திரும்பி வந்துட்டாரு அந்த ஆளு. அய்யோ, நல்லா ஓட்டறாரே. இப்படி நல்லா ஓட்டறவரைப் போய் நான். சரி, குடுத்தா என்ன, கூடவே நானும் உக்காந்து போறேன், இல்ல மிதுலா வேண்டாம், மிதுலா மட்டும் வேண்டாம், அவரு தனியாப் போகட்டும், தனியாப் போனா யாரு இழுக்கறது. கல்லு மேல கார் ஏறுது, ஸ்டியரிங் படபடன்னு உதறுது, அவரு ரெண்டு கையும் சேர்ந்து உதறுது. மோட்டார்தான். மோட்டார்தான் ஆட்டுது. வலது கையும் ஆடுதே, அன்னைக்கு வலது கை ஆடல. அன்னைக்கு வலது கைய நான் எங்க பார்த்தேன்? இடது கை. விரலு எங்க, ஆள்காட்டி விரல் கட்டை விரலுக்குப் பக்கத்துல வந்துருச்சு, உள்ள விட்டுப் பிடிக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னதால அப்படி வச்சிருக்காரு, இல்ல தேய்க்குதா, தேய்க்கற மாதிரி இருக்கே, ஸ்டியரிங் ஆடறதால தேயுதா, தானாத் தேயுதா. வீட்டுக்கு இதை வாங்கிட்டுப் போனா தினமும் இப்படித்தான், தினமும் இந்தக் கை ஆடும், எது அது எது இதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்குவேன், எனக்கு இருந்த ஒரே அடையாளத்தையும் இந்தச் சனியன் தின்னுரும். ‘ஏனுங்க.’ பதில் இல்ல. ‘ஏனுங்க, சித்த நிறுத்துங்க.’ கேக்கல. சத்தத்துல கேக்கல, சத்தத்துலதான் கேக்கல. கண்ணு டிவியப் பார்த்துட்டிருக்கு. பார்க்குதா. இமைக்கலையே. வளைவு வருது, வேகம் குறையல, பள்ளம் வருது, குறையவே இல்ல, கார் இன்னும் வேகமெடுக்குது, அவரு காலு

நான் எப்பப் புடிச்சேன்னே தெரியல. என் ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல இருக்கு, என் பக்கமா இழுக்கறேன், அது என்னைய எதிர்த்து இழுக்குது, அதே இழுப்பு, அப்படியே அதே இழுப்பு, தோள்பட்டை வரைக்கும் ஏறுது, அப்ப நான் கனவு காணல, என் கைக்கு இது தெரியும், நான் இழுத்தேன், அன்னைக்கு நான்தான் இழுத்தேன். யாரோ கத்தறாங்க. ‘காலை எடுங்க! ஏனுங்க, காலை எடுங்க! காலை எடுங்கங்கறேன்ல!’ நான்தான் கத்தறேன். டிவியில கார் உருண்டு போய்க் கெடக்கு. பெனிட்டா ஓடியாந்து எதையோ அமுக்கினாங்க, ஸ்டியரிங் செத்துப் போனாப்புல என் கையில தொவண்டுருச்சு. இவரு எப்பவோ கைய விட்டுட்டாரு. ரெண்டு கையையும் நெஞ்சுகிட்டத் தூக்கி வச்சுக்கிட்டு என்னையவே பார்க்கறாரு. நல்லாத்தான் இருக்காரு. ஒண்ணும் ஆகல அவருக்கு. ‘அக்கா, அண்ணனுக்கு ஒண்ணுமில்லீங்கக்கா, மண் ரோட்டுல அது அப்படித்தான் ஆட்டும்’னு பெனிட்டா என் முதுகைத் தடவறாங்க. எனக்கு மானம் போச்சு. திட்டப் போறாரு, வீட்டுக்குப் போற வரைக்கும் பேச மாட்டாரு, பைத்தியக்காரின்னு நெனைப்பாங்க இந்தம்மா, நெனைக்கட்டும். ‘இல்லீங்க, கை நடுங்கறாப்புல இருந்துச்சு, அதான்’னு என்னமோ உளர்றேன்.

‘மறுபடி சொல்லு’ன்னாரு. ‘என்னதுங்க?’ ‘இப்பக் கத்தினியே. அதச் சொல்லு.’ கோபத்துல கேக்கறாருன்னு நெனச்சேன், கொரலு அப்படி இல்ல. ‘காலை எடுங்கன்னேன்’னேன். அவரு குனிஞ்சு கீழ பார்த்தாரு. காலு இன்னும் ஆக்சிலேட்டர்லதான் இருந்துச்சு. எடுத்தாரு. ரொம்ப மெதுவா எடுத்துத் தரையில வச்சுட்டு, அந்தக் காலையே பார்த்துக்கிட்டுச் சொன்னாரு: ‘அன்னைக்கும் இதையேதான் சொன்னே.’ ‘கேட்டுச்சு சுகந்தி. யாரோ தூரத்துல இருந்து சொல்றாப்புலக் கேட்டுச்சு. அடிக்கடி கேக்கும் அது, இப்பவும், தூங்கப் போறப்ப. யாரு கொரலுன்னுதான் தெரியாம இருந்துச்சு. எடுக்கோணும்னுதான் நெனச்சேன். காலு வரல.’ அவ்வளவுதான் சொன்னாரு. பெனிட்டா நகர்ந்து போய்க் கண்ணாடி அலமாரிய எதுக்கோ திறந்து மூடறாங்க. இதுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் நானு. இதை அவரு வாயால கேக்கோணும்னு. கேட்டதும் என்னென்ன சொல்லோணும்னு மெஷின் மிதிக்கறப்பெல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி வச்சிருந்தேன், பார்த்தீங்களா, நான் சொன்னப்ப நம்புனீங்களா, எத்தனை தடவை என்னைப் பொய்க்காரியாக்கினீங்க. ஒண்ணும் வரல வாயில. அந்த இண்டிகேட்டர் டிக் டிக்னு அடிச்சுட்டிருந்துச்சே, அது நின்னு போச்சு. பதமா எறங்கி நின்ன அந்தக் கார் இனிமே எங்கயும் இல்ல. அந்தப் பொய் எனக்கும் வேண்டியிருந்திருக்கு, இது எனக்கே தெரியாது பாருங்க. அதுல மிதுலா பத்திரமாத் தூங்கிட்டிருந்தா. இப்ப இருக்கறது கருங்கல் சுவரு மட்டும்தான், அதுக்கு முன்னால வராத காலு. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு, அவரு மேல கோபமும் வந்துச்சு, எதுக்குங்க சொன்னீங்க, இப்ப எதுக்கு இதைச் சொன்னீங்கன்னு சட்டையப் புடிச்சு உலுக்கலாம் போல இருந்துச்சு.

‘எதைப் போடட்டுங்கண்ணா?’ பெனிட்டா என்னைப் பார்க்காம அவரைப் பார்த்துத்தான் கேட்டாங்க. மூணாவதோட பெட்டி பக்கத்துலயே தயாரா நின்னுட்டிருந்துச்சு. அவரு சீட்டை விட்டு எந்திரிச்சு, சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு, ‘இழுக்காததைப் போடுங்க’ன்னாரு. நான் வேண்டின அதேதான். படியேறறப்ப எந்தச் சாமியக் கும்பிட்டு இதைக் கேட்டனோ, அந்தச் சாமி அப்படியே குடுத்துருச்சு. ‘வேணும்னா ரெண்டாவதை எடுத்துக்குங்களேன், பரவால்லன்னீங்கல்ல’ன்னு நான் சொன்னேன், எனக்கே என் பேச்சு வெளங்கல. அவரு வேண்டாம்னு தலையை ஆட்டிட்டாரு. பில்லு போட்டு, அந்தச் சின்னப் பெட்டிய ஒரு பையில வச்சுக் குடுத்தாங்க, வாங்கிட்டு வெளிய வந்தாரு. கதவைத் திறந்ததும் வெயிலு மூஞ்சியில அடிச்சுது. படிக்கட்டுல நான் கையப் புடிக்கல, அவரே கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டாரு, ஒவ்வொரு படியா, காலை வச்சு, பார்த்து, அடுத்த காலை வச்சு. என்னைய விட்டுட்டு முன்னால ஓடற மனுஷன். நீங்க முன்ன போங்க, எப்பவும் போல திட்டிக்கிட்டே முன்ன போங்கன்னு சொல்லோணும் போல இருக்கு, சொன்னாப் போயிருவாரா. இடது கையத்தான் பார்த்துட்டு வர்றாரு. நான் பார்க்கற அதே பார்வை. இத்தனை நாளா நான் ஒருத்தியே பயந்துட்டிருந்தேன், இவரும் பயந்தாத்தான் என்னன்னு நெனச்சிருக்கேன், இப்பப் பயந்துட்டாரு, எனக்குப் பார்க்க முடியல. கீழ வந்து ரோட்டோரமா நின்னோம். பஸ்ஸா வந்துட்டே இருக்கு. ஒரு தாய் ரெண்டு பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்களை உரசிட்டுப் போனா, இவரு சட்டுன்னு பின்னால ஒதுங்கி, பையை என் பக்கமா நீட்டினாரு.

‘இதை நீ புடிச்சுக்கோ சுகந்தி. என் கையில வேண்டாம்.’

வாங்கிக்கிட்டேன்.